சாவி யாரிடம் இருக்கிறது?

போன வாரம் அண்ணன் மகளை இரண்டாம் வகுப்பில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தோம். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என நான்கையும் லேமினேட் செய்து அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எதுவும் காலாவதி ஆகவில்லை. அண்ணன் ஃபீஸ் வரிசையில் நிற்க, நான் சும்மா மாடியைச் சுற்றினேன். பின்பக்கப் படிக்கட்டின் இரும்புக் கதவில் பூட்டு. பக்கத்தில் சிவப்பு வாளி, மணலில் குச்சி ஐஸ் குச்சிகள்.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்று ஆயாம்மாவிடம் கேட்டேன்.

"வாட்ச்மேன்கிட்ட சார். சாப்பிடப் போயிருக்காரு."

கும்பகோணம் நினைவுக்கு வராமல் இருக்குமா? 2004 ஜூலை 16. சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அப்புறம்தான் நீதிபதி சம்பத் விசாரணை ஆணையம், கீற்றுக் கூரைக்குத் தடை. இந்த விபத்தை ஒட்டி வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல், கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியும் அடங்கும் என்றது. தீயணைப்புக் கருவி வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழைய கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தோம். கூரை எரிந்தால் கூரைக்கு, பேருந்தில் ஓட்டை என்றால் பேருந்துக்கு, சுவர் விழுந்தால் சுவருக்கு. அடுத்தது எந்த உருவத்தில் வருமோ, அதற்கு இன்னும் விதி எழுதவில்லை.

சான்றிதழ் கட்டடத்துக்குத்தான். புகை வந்தால் எல்கேஜி குழந்தைகளை யார் கூட்டிக்கொண்டு இறங்குவது, வருகைப் பதிவேட்டை யார் கையோடு எடுத்து வருவது, மைதானத்தில் தலையை யார் எண்ணுவது? இதை ஒவ்வொரு பள்ளியும் பெயர் போட்டு எழுதி, பெற்றோர் கையில் ஒரு நகல் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். பருவத்துக்கு ஒருமுறையாவது, முன்கூட்டிச் சொல்லாமல் மணி அடித்து இறக்கிப் பார்க்க வேண்டும். படிப்பு கெடும் என்பார்கள். ஆண்டு விழா நடன ஒத்திகைக்கு எத்தனை பீரியட் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அரசுப் பள்ளி என்றால் மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர் உட்கார்ந்து கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவை உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கவில்லை. லட்சம் கட்டுகிற இடத்தில் கேள்வி கேட்க நாற்காலி இல்லை, பாருங்கள்.

இருந்தாலும் முதல்வர் அறைக்குப் போய்ப் பூட்டைப் பற்றிக் கேட்டேன். "இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குத் திறந்துதான் சார் இருக்கும்" என்றார், ரொம்ப மரியாதையாக.

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடியே, "ஃபீஸ் கட்டியாச்சுடா" என்றார்.