10 கி.மீ. என்றால் 10 கி.மீ. இருக்க வேண்டாமா?

ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம். 10 கி.மீ. ஓட்டப் பந்தயம் என்று விளம்பரம் செய்து, அதற்குக் கட்டணமும் வாங்கிவிட்டீர்கள். அந்தத் தூரத்தை அளந்தீர்களா? யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள்? இதைக் கேட்டால் போதும், அமைப்பாளர்களுக்கு முகம் மாறிவிடுகிறது. "ஜாலியா ஓட வந்த இடத்துல இதெல்லாம் எதுக்குங்க?" என்கிறார்கள். "நீங்க என்ன ஒலிம்பிக்கா போகப் போறீங்க?" என்று பக்கத்தில் நிற்பவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆமாம், நாங்கள் யாரும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, வீடு, பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் எழுந்து பயிற்சி செய்து, சனி ஞாயிறு வந்தால் பந்தயத்துக்குக் கிளம்புகிறவர்கள் நாங்கள். யாரும் எங்களுக்குச் சம்பளம் தருவதில்லை. பலருக்குப் பயிற்சியாளர் கிடையாது, வழியில் நின்று கைதட்ட ஒரு ஆள்கூடக் கிடையாது. எங்களுக்கென்று மிஞ்சுவது ஒரு நேரம், அவ்வளவுதான். போன தடவை இவ்வளவு, இந்தத் தடவை இவ்வளவு. அந்த ஒரு எண்ணுக்காகத்தான் இத்தனை பாடும். தூரம் பொய் என்றால் அந்த எண்ணும் பொய்.

மற்றதற்கெல்லாம் குறையே இல்லை. தொடக்கக் கோட்டில் காதைக் கிழிக்கிற பாட்டு, மேலே பறந்து படமெடுக்க ட்ரோன், உள்ளங்கையை மறைக்கிற பதக்கம், டி-ஷர்ட், படம் எடுத்துக்கொள்ள ஆளுயரத் தட்டி. இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறார். அளப்பதற்கு மட்டும் ஆள் இல்லை. யாரோ ஒருவர் காரில் ஒரு சுற்று போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வருகிறார். இல்லாவிட்டால் கைபேசி வரைபடத்தில் விரலால் ஒரு கோடு இழுக்கிறார். வேலை முடிந்தது.

சமீபத்தில் ஒரு 10 கி.மீ. பந்தயத்தில் பார்த்தேன். ஃபினிஷ் லைனைத் தாண்டியதும் ஆளாளுக்கு, ஓடிய தூரத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். 9.58, 9.61, 9.60. ஒருவர் கையில்கூட 10 இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வெகுகாலமாக முயன்றுகொண்டிருந்தவர். அன்று 48 நிமிடச் சொச்சம். மனைவிக்குப் போன் போட்டுச் சொல்கிறார், குரல் நடுங்குகிறது. பக்கத்தில் நின்ற எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. யார் போய் அவரிடம் சொல்வது?

கணக்கு ஒன்றும் கஷ்டமானதில்லை. 50 நிமிடத்தில் 10 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம். 400 மீட்டர் குறைந்தால் 2 நிமிடம் போச்சு. ஓடுகிற எங்களுக்குத்தான் தெரியும் அந்த 2 நிமிடத்தைக் குறைக்க எத்தனை மாதம் ஆகும் என்று. அந்த மனிதர் அடுத்து ஒழுங்காக அளந்த பந்தயம் ஒன்றில் ஓடுவார். 50-ஐத் தாண்டும். உடம்புக்கு என்னமோ ஆகிவிட்டது, வயதாகிவிட்டது, பயிற்சி போதவில்லை என்று தன்னைத்தானே நொந்துகொள்வார். அவருடைய உழைப்பில் ஒரு குறையும் இல்லை. குறை சாலையில் இருந்தது. கடையில் ஒரு கிலோ கேட்டு 960 கிராம் நிறுத்துக் கொடுத்தால் சும்மா வாங்கிக்கொண்டு வருவோமா? தராசைப் பிடித்துச் சண்டை போட மாட்டோம்?

அமைப்பாளர்களிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "உங்க வாட்ச் தப்பா காட்டுதுங்க, ஜி.பி.எஸ். அப்படித்தான்." இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உச்சிக்கு ஏறுகிறது, ஏனென்றால் அரை உண்மையை வைத்து முழுப் பொய்யை மூடுகிறார்கள். ஜி.பி.எஸ். துல்லியமில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் எந்தப் பக்கம் தப்பும்? முறையாக அளந்த பாதையில் ஓடினால் வாட்ச் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பாதையை அளப்பது ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில். நாமோ கூட்டத்தில் வளைந்து நெளிந்து, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, திருப்பங்களில் அகலமாகச் சுற்றி ஓடுகிறோம். அதனால் வாட்சில் 10.08, 10.1 என்று வந்தால் அது நல்ல பாதை. அந்தப் பந்தயங்களில் யாரும் முணுமுணுப்பதுகூடக் கிடையாது. திறந்த சாலையில் ஓடிய அத்தனை பேர் கையிலும் 9.6 என்று வந்தால் கோளாறு செயற்கைக்கோளில் இல்லை, உங்கள் பாதையில்.

அளப்பது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய அமெரிக்கர் டெட் கார்பிட், சைக்கிளை வைத்துப் பாதையை அளக்கும் முறையை 1964-லேயே அறிக்கையாக எழுதிவிட்டார். அவர் ஓட்டக்காரர், எங்கள் வலி தெரிந்தவர். 1971-ல் ஜோன்ஸ் கவுன்ட்டர் வந்தது. முன்சக்கரத்தில் மாட்டுகிற சின்ன எண்ணி. சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் இருபதுக்கும் மேல் எண்ணிவிடும். முதலில் நேரான சாலையில், குறைந்தது 300 மீட்டரை எஃகு டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் நான்கு முறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பந்தயப் பாதை முழுக்க, திருப்பங்களில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து ஓட்ட வேண்டும். முடித்ததும் திரும்பவும் அந்த 300 மீட்டரில் நான்கு முறை. வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரியும், சக்கரத்தின் சுற்றளவு மாறும், அதனால்தான் இரண்டாம் தடவை. கடைசியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்ப்பார்கள். 10 கி.மீ.க்கு 10 மீட்டர், மாரத்தானுக்கு 42 மீட்டர். எதற்குத் தெரியுமா? அளப்பதில் சின்னப் பிழை நேர்ந்தாலும் ஓடுகிறவனுக்குத் தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. எவ்வளவு அக்கறை பாருங்கள் அந்த ஒரு வரி விதியில்! பல பத்தாண்டுகளுக்கு முன்னாலேயே முகம் தெரியாத எங்களுக்காக யோசித்திருக்கிறார்கள். இன்று எங்களை எதிரே வைத்துக்கொண்டு காசு வாங்குகிறவர்களுக்கு அந்த அக்கறையில் கால்வாசி இல்லை.

ஒரு சைக்கிள், ஒரு எண்ணி, ஒரு டேப், போக்குவரத்து இல்லாத ஒரு விடியற்காலை, விஷயம் தெரிந்த இரண்டு பேர். பதக்கத்துக்குச் செய்கிற செலவில் ஒரு துளி.

பெரிய பந்தயங்களிலும் தப்பு நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. மான்செஸ்டர் மாரத்தான் 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் 380 மீட்டர் குறைவாக ஓடப்பட்டது. 2016-ல் மறுபடி அளந்தபோது தெரியவந்து, ஊரறியச் சொன்னார்கள். அந்த மூன்று ஆண்டுகளிலும் ஓடிய ஆயிரக்கணக்கானோரின் நேரம் மாரத்தான் நேரம் இல்லை என்றாயிற்று. 2015-ல் பாங்காக்கில் அரை மாரத்தான்காரர்களைத் திரும்ப வேண்டிய இடத்தில் திருப்பாமல் விட்டுவிட்டார்கள். 21.1 கி.மீ. ஓட வந்தவர்கள் 27 கி.மீ. அளவுக்கு ஓடினார்கள். 2021 பிரைட்டன் மாரத்தான் 568 மீட்டர் நீளமாகப் போய்விட்டது, அமைப்பாளர்களே வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார்கள். தப்பு யாருக்கும் வரும். ஆனால் அங்கே சரிபார்ப்பதற்கு ஒரு அளவு இருந்தது, கேள்வி வந்தபோது பதில் சொல்ல ஆள் இருந்தார்கள். நான் ஓடிய பந்தயங்களில் எத்தனையோ முறை மின்னஞ்சல் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வருவது அபூர்வம். வந்தால் அதில் அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு முன்பதிவுச் சலுகை இருக்கும்.

சரி, ஓட்டம் இந்த லட்சணம் என்றால், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிற டிரையத்லானுக்கு வாருங்கள். அங்கே பொய் மூன்று மடங்கு.

ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். நீச்சல் பாதையைக் குறிக்கிற மிதவைகளை முதல் நாள் மாலை போடுகிறார்கள். நங்கூரக் கயிறு தளர்வாக இருக்கும், ராத்திரி காற்றிலும் நீரோட்டத்திலும் மிதவை நகரும். காலையில் ஒரு படகில் போய்ப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நன்றாக நீந்துகிறவர்கள் தண்ணீரிலிருந்து வெளியே வந்து நேரத்தைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ஒரு வாரம் தன் வழக்கத்தைவிட 5 நிமிடம் வேகம், இன்னொரு வாரம் 7 நிமிடம் மெதுவு. தண்ணீரில் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும்தான், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

சைக்கிள் பகுதியைப் பொறுக்க முடியாது. ஒரே சாலையில் நான்கு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். யூ-டர்ன் இடத்தில், நாங்கள் கட்டியிருக்கும் சிப் கடந்துபோவதைப் பதிவு செய்கிற மேட் கிடையாது. ஒரு கோன், அதன் பக்கத்தில் கொடியோடு ஒரு கல்லூரிப் பையன். அவனை நான் திட்ட மாட்டேன், பாவம், வெயிலில் குடைகூட இல்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள். எத்தனை சுற்று, யார் எந்தச் சுற்றில் இருக்கிறார், ஒன்றுமே அவனுக்குச் சொல்லவில்லை. கோனை யாராவது இடித்துத் தள்ளினால் எங்கே திரும்ப வைப்பது என்றும் தெரியாது, ஏனென்றால் சாலையில் ஒரு பெயின்ட் குறிகூட இல்லை. தோராயமாக வைக்கிறான். அவன் வைக்கிற இடம்தான் அப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் பந்தயத் தூரம்! முன்னால் போனவர் ஒரு தூரம், பின்னால் வந்தவர் இன்னொரு தூரம். இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போட்டு வரிசை எண் கொடுக்கிறார்கள்.

மூன்றே சுற்றோடு உள்ளே போய்விடுகிறவர்களும் உண்டு. சிலர் எண்ணிக்கை தவறிப் போகிறார்கள், சிலர் தெரிந்தே போகிறார்கள். நான்கு சுற்றும் ஒழுங்காக ஓட்டியவர், தன் வயதுப் பிரிவில் நான்காவது என்று அறிவிப்பதைக் கேட்டுக்கொண்டு மேடைக்குக் கீழே நிற்கிறார். புகார் கொடுத்தால் ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரம் வைத்திருக்க வேண்டியது நீங்கள்! 1980 பாஸ்டன் மாரத்தானில் ரோஸி ரூயிஸ் என்பவர் பாதித் தூரம்கூட ஓடாமல் கடைசியில் புகுந்து பெண்களில் முதலாவதாக வந்து மாலை சூடிக்கொண்டார். உண்மையில் வென்றவர் ஜாக்குலின் கரோ. ஒரு வாரம் கழித்துத்தான் வெற்றி அவருக்குத் திரும்பி வந்தது. ஆனால் ஃபினிஷ் லைனில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து கத்துகிற அந்த ஒரு கணத்தை யார் திருப்பித் தர முடியும்? அன்று சிப் கிடையாது, மேட் கிடையாது. இன்று எல்லாம் இருக்கிறது. 2018-ல் சீனாவின் ஷென்சென் அரை மாரத்தானில் குறுக்கே புகுந்தவர்கள், போலி எண் அணிந்தவர்கள் என்று 258 பேர் மாட்டினார்கள். சாலையோரக் கேமராக்கள் அவர்களைப் படம் பிடித்திருந்தன. பார்க்க வேண்டும் என்று நினைத்தால் பார்க்க முடியும்.

டிராஃப்டிங், அதாவது முன்னால் போகிற சைக்கிளை ஒட்டிக்கொண்டே ஓட்டுவது பற்றித் தனியாக எழுத வேண்டும். நீண்ட தூர டிரையத்லானில் முன்னால் போகும் சைக்கிளுக்குக் குறைந்தது 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று விதி. கண்காணிக்க பைக்கில் நடுவர் வருவதில்லை, கூட்டமாக ஒட்டிக்கொண்டு காற்றுத் தடையிலிருந்து தப்பிப் போகிறார்கள், தனியாக மிதிக்கிறவன் தொடை எரிய மிதிக்கிறான். இப்போதைக்கு இது போதும்.

இன்னொரு சாக்கும் உண்டு. கடைசி நேரத்தில் பாதையை மாற்றச் சொல்லிவிட்டார்களாம், சாலை வேலை நடக்கிறதாம். நடக்கட்டும், ஓடுகிறவர்களின் உயிருக்குப் பாதுகாப்புதான் முக்கியம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அப்படியானால் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லுங்கள்: "இன்று பாதை மாறியிருக்கிறது, தூரம் 10 கி.மீ. இல்லை." சொன்னால் நாங்கள் வேறு மனநிலையில் ஓடுவோம், ஒருவரும் கோபப்பட மாட்டோம். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, சான்றிதழில் 10 கி.மீ. என்று அச்சடித்து, மாலையில் "வரலாறு காணாத அதிவேகப் பாதை" என்று பதிவு போடுகிறீர்கள் பாருங்கள், அதற்குப் பெயர் ஏமாற்று வேலை.

இதில் எங்கள் ஆட்கள் மேலும் எனக்கு வருத்தம் இருக்கிறது. குறைந்த தூரம் என்று தெரிந்தும் பலர் அந்த நேரத்தையே பெர்சனல் பெஸ்ட், அதாவது தங்கள் வாழ்நாளின் சிறந்த நேரம் என்று போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால், "விடுங்க, எல்லாருக்கும் அதே தூரம்தானே?" என்கிறார்கள். வரிசைக்கு அது பொருந்தலாம். நேரத்துக்கு எப்படிப் பொருந்தும்? பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி பெற நினைக்கிறவர், முறையாக அளந்து சான்று பெற்ற பாதையில் ஓடிய நேரத்தைத்தான் காட்ட முடியும். அளக்காத பாதையில் உயிரைக் கொடுத்து ஓடினாலும் அந்த ஓட்டம் அங்கே செல்லாது. நாம் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் அவர்கள் எதற்கு அளக்கப் போகிறார்கள்?

நான் இனி விடப் போவதில்லை. பதிவுப் படிவத்தை நிரப்பும் முன்னால் மூன்று கேள்வி அனுப்புகிறேன். பாதையை யார், எந்த முறையில், எந்தத் தேதியில் அளந்தார்கள்? திருப்பங்களில் மேட் இருக்குமா? தூரம் தப்பினால் முடிவுப் பட்டியலில் அதைக் குறிப்பிடுவீர்களா? நீங்களும் அனுப்புங்கள், குழுவாக ஓடுகிறவர்கள் குழுவாகவே அனுப்புங்கள். பதில் வராத பந்தயத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வழக்கமான பயிற்சிச் சாலையில் ஓடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.