பையைச் சோதித்தால் மட்டும் போதாது
மாணவர்களிடையே வேப் எனும் மின்சிகரெட் பழக்கத்தைத் தடுக்க, பிள்ளைகளின் பள்ளிப்பையைப் பெற்றோர் நாள்தோறும் சோதிக்க வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை வலியுறுத்துகிறது. கோலாலம்பூர், செந்தூலில் இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவம் பயிலும் மகனின் தாயாகிய எனக்கு, அவனது பென்சில் பெட்டியில் மாம்பழ வாசனையுடன் கிடந்த வேப் கருவி பல நாள்கள் வெறும் பேனாவாகவே தெரிந்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கு அதை விற்பதை 2024 அக்டோபர் 1 முதல் மலேசியச் சட்டம் தடை செய்திருந்தும், கடைப்பக்கமே போகாத என் மகனுக்கு அது நண்பன் வழியாகக் கிடைத்திருந்தது. கை ஓங்கிய கணவரைத் தடுத்து, ஏன் மறுக்க முடியவில்லை என்று பொறுமையாகக் கேட்ட பிறகே, பள்ளி முடிந்து நாங்கள் வீடு திரும்பும் வரை அவன் தனித்திருந்த மூன்று மணி நேரம்தான் சிக்கலின் வேர் என்பது புரிந்தது. இப்போது அந்நேரத்தில் பூப்பந்துப் பயிற்சிக்குச் செல்கிறான். நிக்கோட்டின் வளரும் மூளையை எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கின் ஆலோசனைக்கும் நானே உடன் செல்கிறேன்.