ஒலிம்பிக் நாட்களில் பண்டைய கிரேக்கத்தின் போர்கள் எல்லாம் நின்றனவா?

ஒலிம்பிக் தொடங்கியதும் பண்டைய கிரேக்கர்கள் எல்லாப் போர்களையும் நிறுத்திவிடுவார்கள் என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் பரவிவருகிறது. இது சரியல்ல.

ஒலிம்பிக்கையொட்டி அறிவிக்கப்பட்ட புனிதப் போர்நிறுத்த உடன்படிக்கை, போட்டி நடந்த ஒலிம்பியாவுக்குச் செல்லும் வீரர்களும் பார்வையாளர்களும் இடையூறின்றிப் போய்வரவும், போட்டியை நடத்திய எலிஸ் நாட்டின்மீது எவரும் படையெடுக்காதிருக்கவும் மட்டுமே வகைசெய்தது. பிற இடங்களில் போர்கள் தொடர்ந்தன. பகைவர் நாட்டின் வழியே உயிருக்கு அஞ்சாமல் போய்த் திரும்ப முடிந்ததே அக்காலத்தில் பெரிய காரியம்தான்.

அதுவும் மீறப்பட்டது. கி.மு. 420இல் உடன்படிக்கையை மீறியதாக ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நாட்டுக்கு 2,000 மினா (அக்காலக் கிரேக்கப் பண அளவு) அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்ததால் அந்நாடு போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. ஆயினும் லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரரின் தேர் வேறு நாட்டின் பெயரில் ஓடி வென்றது. தேர் தன்னுடையதே என்று காட்ட அவர் களத்தில் இறங்கித் தேரோட்டியின் தலையில் வெற்றிப் பட்டியைக் கட்டியபோது, போட்டி அலுவலர்கள் அவரைக் கோலால் அடித்தனர். கி.மு. 364இல் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஒலிம்பியாவின் புனித வளாகத்துக்குள் எலிஸ் படையும் ஆர்க்காடியப் படையும் மோதிக்கொண்டன.

1993இல் ஐ.நா. பொதுச்சபை, ஒலிம்பிக்கையொட்டிப் போர்நிறுத்தம் கோரும் தீர்மானத்தின் மூலம் இம்மரபுக்குப் புத்துயிர் அளித்தது. ஆனால் அத்தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் முடிந்த நான்காம் நாள், அந்தப் போர்நிறுத்தக் காலம் முடிவதற்குள்ளாகவே, ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது.