அழுகிய ஆப்பிளும் அது கிடந்த பீப்பாயும்

ஆங்கிலச் செய்தி பார்ப்பவர்களுக்கு 'எ ஃபியூ பேட் ஆப்பிள்ஸ்' என்ற தொடர் நன்றாகவே பழகியிருக்கும். போலீஸ், ராணுவம், வங்கி என்று எங்கே முறைகேடு அம்பலமானாலும் ஓர் அதிகாரி மைக் முன்னால் வந்து இதைச் சொல்லிவிடுவார். ஏதோ நாலைந்து பழம் அழுகிவிட்டது, மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று அர்த்தம். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பழமொழியைப் பாதியில் வெட்டி, அது சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதைச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

ஓர் அழுகல் ஆப்பிள் பீப்பாய் முழுவதையும் கெடுத்துவிடும் என்பதுதான் முழுப் பழமொழி. நாம் 'ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்' என்கிறோமே, அதே எச்சரிக்கை. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய சமையல்காரன் கதையில், தறுதலையாகத் திரியும் பையனை முதலாளி வேலையை விட்டு அனுப்புவதே இந்தப் பழமொழி நினைவுக்கு வந்துதான். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் 1736-இல் தன் பஞ்சாங்கத்தில் இதை அச்சிட்டார். அவர்கள் சொன்னது அறிவியலுக்கும் பொருந்தும். அடிபட்டு அழுகும் ஆப்பிளிலிருந்து எத்திலீன் வாயு கூடுதலாக வெளியேறி, பக்கத்துப் பழங்களையும் சீக்கிரம் கனிய வைக்கும். பூஞ்சையும் தொற்றிக்கொள்ளும். ஆகவே ஒரு பழம் அழுகியிருந்தால் மொத்தத்தையும் கொட்டிப் பார்த்தாக வேண்டும்.

நியூயார்க் போலீஸில் ஃபிராங்க் செர்பிக்கோ, டேவிட் டர்க் என்ற இருவர் சக போலீஸாரின் மாமூலைப் பற்றி மேலிடத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. 1970-இல் விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான் மேயர் லிண்ட்சே, விட்மன் நாப் என்ற வழக்கறிஞரின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். 1972-இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை இந்த ஆப்பிள் பேச்சிலேயே நேரடியாகக் கைவைத்தது. மாட்டிக்கொண்டவரை 'சுத்தமான பீப்பாயில் கிடந்த ஒரே அழுகல்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவது துறையின் எழுதாத கொள்கையாகவே இருந்தது, சீர்திருத்தத்துக்கு அதுவே பெரிய தடை என்றது. லஞ்சம் வாங்குபவர்களை அது இரண்டாகப் பிரித்தது: வேட்டையாடித் தின்னும் 'இறைச்சி தின்னிகள்', கிடைக்கும் சில்லறையை வாங்கிக்கொள்ளும் 'புல் தின்னிகள்'. எண்ணிக்கையில் புல் தின்னிகளே அதிகம். லஞ்சத்துக்கு ஒரு மரியாதையைத் தேடித் தருபவர்களும் அவர்கள்தான். என்னைக் கேட்டால், அந்த அறிக்கையில் மிக முக்கியமான இடம் இதுதான்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. 2004-இல் இராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளிவந்தபோது அதே ஆப்பிள்தான் வந்தது. ஒருசில சிப்பாய்கள் தாங்களாகச் செய்த வேலை மட்டுமல்ல அது என்று அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு சொல்ல 2008 டிசம்பர் ஆகிவிட்டது. 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை அழுத்திக் கொன்றார். கூட இருந்த மற்ற மூன்று போலீஸாரும் அவரை விலக்கவில்லை. அதற்குப் பிறகும் வெள்ளை மாளிகையின் பாதுகாப்பு ஆலோசகர் தொலைக்காட்சியில் ஆப்பிள் கதைதான் பேசினார். அளவுமீறிப் பலத்தைப் பயன்படுத்துவது அந்தப் போலீஸ் துறையின் வாடிக்கை என்று 2023 ஜூனில் அமெரிக்க நீதி அமைச்சகம் அறிக்கை கொடுத்தது.

நம்மூரில் இதே வேலையைச் செய்வது 'ஓரிரு கறுப்பு ஆடுகள்'. இனி யாராவது அதிகாரி அப்படிச் சொன்னால், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார், முன்பே வந்த புகார்களைக் கிடப்பில் போட்டது யார் என்று நிருபர்கள் அங்கேயே கேட்க வேண்டும்.