அன்றிரவு அவர் ஏன் தனியாக இருந்தார்?

வானில் விமானங்கள் மோதியதாகவோ நெருங்கித் தப்பியதாகவோ செய்தி வந்தால், விசாரணை தொடங்கும் முன்பே "கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் கோட்டை விட்டுவிட்டார்" என்று எழுதிவிடுகிறோம். அப்படிப்பட்ட பதிவுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 2002 ஜூலை 1 நள்ளிரவுக்குச் சற்று முன் நடந்தது நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் தெற்கே, போடன்சே ஏரிக்கரையில் உள்ள ஊபர்லிங்கன் என்ற சிறு நகரத்தின் மேலே, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போய்க்கொண்டிருந்த டுபோலெவ் 154 பயணிகள் விமானமும், இத்தாலியின் பெர்காமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த போயிங் 757 சரக்கு விமானமும் மோதின. இரண்டிலும் இருந்த 71 பேரும் இறந்தார்கள். அவர்களில் 45 பேர் ரஷ்யாவின் ஊஃபா நகரிலிருந்து விடுமுறையைக் கழிக்கப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள்.

அந்த வான்பகுதி, விமானப் போக்குவரத்தைத் தரையிலிருந்து வழிநடத்தும் ஸ்விட்சர்லாந்தின் ஸ்கைகைட் நிறுவனத்தினுடைய ஜூரிக் மையத்தின் பொறுப்பில் இருந்தது. விமானங்கள் இரண்டும் 36,000 அடி உயரத்தில், ஒன்றின் பாதையை மற்றொன்று குறுக்கிடும் வகையில் பறந்துகொண்டிருந்தன. அவற்றுக்கிடையே பக்கவாட்டில் 7 கடல் மைல் அல்லது உயரத்தில் 1,000 அடி, இரண்டில் ஒன்று கட்டாயம் இருந்திருக்க வேண்டும். 7 கடல் மைல் என்பது ஏறக்குறைய 13 கிலோமீட்டர். கேட்பதற்கு அது பெருந்தொலைவாகத் தோன்றும். ஆனால் அந்த உயரத்தில் ஒரு ஜெட் விமானம் அதைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நோக்கி வரும்போது கிடைக்கும் நேரம் அதைவிடக் குறைவு.

அன்று அந்த மையத்தில் இரவுப் பணிக்குக் கட்டுப்பாட்டாளர்கள் இருவர் இருந்தார்கள். போக்குவரத்து குறைந்த நேரத்தில் ஒருவர் ஓய்வறைக்குச் செல்வது பல ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கம், அது நிர்வாகத்துக்கும் தெரிந்தே இருந்தது. எஞ்சியிருந்த பீட்டர் நீல்சன் என்ற டென்மார்க்காரர் இரண்டு திரைகளையும் இரண்டு ரேடியோ அலைவரிசைகளையும் தனியாகக் கவனித்துக்கொண்டிருந்தார். அதே இரவில் ரேடார் அமைப்பில் பராமரிப்பு வேலையும் நடந்தது. இரு விமானங்கள் நெருங்கினால் திரையில் முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி அதனால் நின்றுபோயிருந்தது, அது நின்றிருப்பது அவருக்குத் தெரியாது. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது, மாற்று இணைப்போ பழுது.

அந்த அறையைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் விமான நிலையத்துக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்த ஏர்பஸ் ஒன்றைப் பற்றி அந்த நிலையத்துக்குச் சொல்ல அவர் ஒரு மேசையில் அமர்ந்து திரும்பத் திரும்ப எண்ணை அழுத்துகிறார், இணைப்பு கிடைக்கவில்லை. பக்கத்து மேசையின் திரையில் இரண்டு புள்ளிகள் ஒரே உயரத்தில் நெருங்குகின்றன. எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்களுக்கு மோதலுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. அவர்கள் ஜூரிக்கைப் பலமுறை அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. நீல்சன் திரும்பிப் பார்த்து ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னபோது மோதலுக்கு 43 நொடிகளே இருந்தன.

அதற்குப் பிறகும் விபத்தைத் தவிர்க்க முடிந்திருக்கும் என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. இரு விமானங்களிலும் டிகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. சில நொடிகளில் அது ரஷ்ய விமானத்தை மேலே ஏறச் சொன்னது, சரக்கு விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னது. சரக்கு விமானத்தார் கருவி சொன்னபடி இறங்கினார்கள். ரஷ்ய விமானத்தில் துணை விமானி, கருவி மேலே ஏறச் சொல்வதைச் சுட்டிக்காட்டினார். ஆனால் தரையிலிருந்து வந்த குரல் கீழே இறங்கச் சொன்னதால் அவர்களும் இறங்கினார்கள். மனிதரும் கருவியும் முரண்பட்டால் யார் சொல்வதைக் கேட்பது என்பது குறித்து அன்றைய விதிகளிலும் கையேடுகளிலும் ஒருமித்த தெளிவு இல்லை.

இத்தனைக்கும் 17 மாதங்களுக்கு முன்பு, 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பானின் யாய்சு நகருக்கு அருகில் இதே முரண்பாடு ஏற்பட்டிருந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸின் 958ஆம் விமானத்தை இறங்கச் சொல்ல வேண்டிய, பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் வாய் தவறி 907 என்று சொல்லிவிட்டார். 907இன் விமானி, ஏறச் சொன்ன கருவியை விட்டுவிட்டு அந்தக் கட்டளைப்படி இறங்கினார். இரு விமானங்களிலும் 677 பேர் இருந்தார்கள். கடைசி நொடியில் மோதல் தவிர்க்கப்பட்டாலும் நூறு பேர் காயமடைந்தார்கள். கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்பது உலகளவில் ஐயத்துக்கு இடமில்லாத விதியாக ஆனதோ ஊபர்லிங்கனுக்குப் பிறகுதான். அதற்கு முன்னரே செய்திருக்கலாம் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

நீல்சன் தவறே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. இரு விமானங்கள் நெருங்குவதை அவர் தாமதமாகத்தான் கவனித்தார். பதற்றத்தில் மற்ற விமானம் வரும் திசையையும் ரஷ்ய விமானிகளுக்கு மாற்றிச் சொன்னார். ஆனால் எண் மாறிப்போவதும், ஒரு திரையைப் பார்க்கும்போது மறுதிரை கண்ணில் படாமல் போவதும் மனிதர்களாகப் பிறந்த அனைவருக்கும் நேர்வதே. அதற்காகவே இரண்டாவது ஆள், எச்சரிக்கை வசதி, பக்கத்து மையத்தின் தொலைபேசி என்று அடுக்கடுக்காக ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிறார்கள். அவை அத்தனையையும் ஒரே இரவில் விலக்கிவிட்டு, எஞ்சியிருந்த ஒரே மனிதரின் கவனத்தைக் குறை சொல்வது எனக்கு அநீதியாகவே படுகிறது. யாய்சு வழக்கில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2010இல் பயிற்சிக் கட்டுப்பாட்டாளரையும் அவரை மேற்பார்வையிட்டவரையும் குற்றவாளிகள் என்று உறுதிசெய்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது என்றாலும், வாய் தவறியதற்கு ஒருவர் குற்றவாளியாகும் இடத்தில், அடுத்தவர் தன் சறுக்கலைத் தானே முன்வந்து எழுதிக் கொடுப்பாரா? அப்படி எழுதித் தரப்படும் சின்னச் சின்னச் சறுக்கல்களை வைத்துத்தானே பெரிய விபத்துகளைத் தடுக்க முடியும்?

2004 பிப்ரவரி 24 அன்று, ஊபர்லிங்கனில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் இழந்த ஒருவர், ஜூரிக்கை அடுத்த க்ளோட்டனில் இருந்த நீல்சனின் வீட்டுக்குச் சென்று அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அந்தத் தந்தையின் துயரத்தை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. அவருடைய கோபம் சென்று சேர்வதற்கு ஒரே ஒரு பெயர்தான் வெளியே தெரிந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஸ்கைகைட் நிறுவனத்தைச் சேர்ந்த எட்டுப் பேர்மீது நடந்த வழக்கில், நான்கு மேலாளர்கள் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். இரவில் ஒருவரைத் தனியாக விட்ட வழக்கத்துக்கு மேலிருந்தவர்களே பொறுப்பு என்பதை நீதிமன்றம் ஏற்ற அந்தத் தீர்ப்பு வந்தது 2007 செப்டம்பரில். அப்போது நீல்சன் இறந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன.