எக்மோர்ல அம்மாவ வண்டி ஏத்தி விட்ட கதை

போன மாசம் அம்மா பரமக்குடிக்குக் கெளம்பினாங்க. எப்பவும் நான் மட்டும் போய் ஏத்தி விட்டுட்டு வந்துடுவேன், இந்த தடவ பசங்க ரெண்டு பேரும் லீவுல சும்மா இருந்தாங்க, வாங்கடான்னு எல்லாரும் எக்மோர் போனோம். வண்டிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே. ஏன் இவ்ளோ சீக்கிரம்னு பொண்ணு கேட்டா. எங்க வீட்ல அப்படித்தான், வண்டி நம்மள விட்டுட்டுப் போயிடும்ங்கிற பயம் பரம்பரை வியாதி.

ஸ்டேஷன புதுப்பிக்கிற வேலை நடக்குது. ஆனா அந்த செகப்பு வெள்ளை கட்டடம் அப்படியேதான் நிக்குது. 1908-ல தெறந்தது. பெங்களூர் கான்ட்ராக்டர் சாமிநாத பிள்ளை கட்டினது, அப்பவே 17 லட்சம் ஆச்சாம். டிசைன் போட்டவர் ஹென்றி இர்வின், நம்ம ஐகோர்ட்டு, மைசூர் அரண்மனையெல்லாம் அவர் கைதான். வெளிய இருக்கிற காந்தி இர்வின் ரோடு இவர் பேருன்னுதான் நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் நெனச்சிட்டு இருந்தேன், பாத்தா அது 1931-ல காந்தி கூட ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய் இர்வின். ஆள் வேற. பையன்கிட்ட இத பெருமையா சொன்னேன், "சரிப்பா"ன்னுட்டு போன பாத்தான்.

அம்மா உள்ள வந்ததும் நேரா நடக்கல. அந்த பெரிய கூரைக்குக் கீழ ஒரு எடத்துல நின்னுட்டாங்க. 1973-ல கல்யாணம் ஆகி மொத மொத இங்கதான் எறங்கினாங்களாம். விழுப்புரம் வரைக்கும் கரி எஞ்சின், அங்க மாத்தி கரண்ட் எஞ்சின் போடுவாங்க, அதுக்குள்ள கட்டிக்கிட்டு வந்த பட்டுப் புடவையெல்லாம் கரித்தூள். "உங்கப்பா ட்ரங்கு பெட்டிய இந்த எடத்துல வச்சிட்டு, இங்கயே நில்லு அசையாதன்னு சொல்லிட்டு ரிக்‌ஷா பேசப் போனார், ஒரு மணி நேரம் ஆளக் காணோம், நான் அழுதுட்டேன்." அப்பா உயிரோட இருந்தப்ப இந்த கதைய சொன்னா பத்து நிமிஷம்னு சண்டை போடுவார். இப்ப சண்டை போட ஆள் இல்ல, அதனால ஒரு மணி நேரம்னே இருக்கட்டும்.

தாத்தா கதையும் வந்துது. அவர் கொழும்புல ஒரு கடைல கணக்கெழுதிட்டு இருந்தவர். தலைமன்னார்ல ஸ்டீமர் ஏறி தனுஷ்கோடி, அங்கருந்து போட் மெயில்ங்கிற ரயிலப் புடிச்சு பரமக்குடி. அவர் பெட்டிய தெறந்தா வர்ற சோப்பு வாசம் அம்மாவுக்கு இன்னும் மூக்குல இருக்காம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அடிச்சிட்டுப் போச்சு, பயணிகளோட ஒரு ரயிலும் போச்சு. அதுக்கப்புறம் மெயில் ராமேஸ்வரத்தோட நின்னுடுச்சு, அங்கருந்து ஓடின போட்டும் எண்பதுகள்ல நின்னுடுச்சு. பேர் மட்டும் இன்னிக்கும் ஓடுது. அம்மா ஏற வேண்டிய வண்டியும் அதான். பையன் அப்பதான் போன கீழ வச்சான்.

நான் சொல்ல வந்தது வேற. எக்மோர் பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் கட்டடத்த இடிப்பாங்களா மாட்டாங்களான்னுதான் கேக்குறாங்க. இடிக்கல, சந்தோஷம். ஆனா எந்த ஸ்டேஷன புதுசா கட்டினாலும் "ஏர்போர்ட் மாதிரி இருக்கும்"னு சொல்றாங்க பாருங்க, அதான் எனக்கு ஒதைக்குது. லிஃப்ட் வேணும், சுத்தமான கக்கூஸ் வேணும், முட்டி வலியோட இருக்கிற அம்மாவ கூட்டிட்டுப் போற எனக்கு அது தெரியாதா. ஆனா ஏர்போர்ட்ல வழியனுப்ப வர்றவன் எங்க நிப்பான்? கண்ணாடிக் கதவுக்கு வெளிய. ரயில்வே ஸ்டேஷன்ல அப்படியா இருந்தோம்? அப்பல்லாம் எக்மோர்ல காரே ப்ளாட்பாரம் பக்கத்துல வந்து நிக்கும். எங்ககிட்ட கார் கெடையாது, அது வேற விஷயம். ஒருத்தர் ஊருக்குப் போக எட்டு பேர் போவோம். அப்பா பொட்டில ஒட்டியிருக்கிற ரிசர்வேஷன் சார்ட்ல வெரல வச்சு ஒவ்வொரு பேரா எறங்கிட்டே வருவார், நம்ம பேர தப்பா அடிச்சிருப்பான், அதுக்கு ஒரு திட்டு. அப்புறம் பக்கத்து சீட்டு பேரு வயசெல்லாம் படிச்சு "ஃபேமிலிதான், பயமில்ல"ன்னு சர்டிஃபிகேட் குடுப்பார். இப்ப சார்ட் ஒட்றதே கெடையாது. அத்தை ஜன்னல் கம்பிக்குள்ள கைய விட்டு பத்து ரூபாய உள்ளங்கைல அழுத்துவாங்க, வேண்டாம் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள வண்டி நகர்ந்துடும். இதெல்லாம் ப்ளாட்பாரத்துல நடந்த விஷயம், கோபுரத்துல நடந்தது இல்ல. கோபுரத்துக்கு பெயின்ட் அடிச்சிட்டு ப்ளாட்பாரத்துக்கு கண்ணாடிக் கதவு போட்டா நமக்கு என்ன மிச்சம்?

நானும் யோக்கியன் இல்ல. அம்மாவுக்கு ஏசில டிக்கெட் போட்டுட்டேன். ஸ்லீப்பர் போடுடா, காத்து வரும், ஜன்னல் தெறக்கலாம்னு அவங்க ஒரு வாரமா சொன்னாங்க, வெயில்னு நான் கேக்கல.

வண்டி நகர ஆரம்பிச்சுது. அந்த மங்கல் கண்ணாடிக்குப் பின்னாடி அம்மா எதோ சொல்றாங்க, வாய் மட்டும் அசையுது, கையால வட்டமா எதோ காட்றாங்க. வளையலா? ரொட்டியா? பொண்ணு "என்ன பாட்டி, என்ன"ன்னு கத்துறா. அவ்ளோ நேரம் போன நோண்டிட்டு இருந்த பையன் திடீர்னு பொட்டி கூடவே நடக்க ஆரம்பிச்சான், கிட்டத்தட்ட ஓட்டம், ப்ளாட்பாரம் முடியிற வரைக்கும் போனான்.

மூச்சு வாங்க திரும்பி வந்தான். என் போன் அடிச்சுது. அம்மா.

"குக்கர் கேஸ்கட்ட ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன், வீடு பூரா தேடாதீங்க."