ப்ளூஃபிஷ் குறைந்ததற்கு வணிகப் படகுகள் மட்டுமா காரணம்?

அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் ப்ளூஃபிஷ் என்ற வேட்டை மீனை வணிகப் படகுகள் அடியோடு வாரி அழித்துவிட்டன, கரையில் நின்று தூண்டில் வீசுகிறவர்களுக்கு அதில் பங்கே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியல்ல.

இந்த மீனில் பெரும்பகுதியைப் பல பத்தாண்டுகளாகப் பிடித்துவருவது பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள்தான். கடலில் உள்ள இருப்பு அபாய எல்லைக்குக் கீழே குறைந்துவிட்டது என்று 2019 மீன்வள மதிப்பீடு சொன்னது. அதனால்தான் 2020இல் கரையில் பிடிப்பவருக்கான நாள் வரம்பு 15 மீனிலிருந்து 3 ஆனது. வரம்பு வந்தபோது நானும் முணுமுணுத்தேன். கணக்கைப் படித்த பிறகு அதன் நியாயம் புரிந்தது. 2022இல் ஏழாண்டு மீட்புத் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த 2023 மதிப்பீட்டின்படி இருப்பு அபாய எல்லையைத் தாண்டி மேலே வந்திருந்தது, இலக்கைத்தான் அப்போது எட்டவில்லை. இதை "அழிந்துவிட்டது" என்று எப்படிச் சொல்வது?

கரையில் காணவில்லை என்பதாலேயே கடலில் இல்லை என்றாகாது. இரை எங்கேயோ இந்த மீனும் அங்கேதான். மென்ஹேடன் என்ற சிறு இரைமீன் கூட்டத்தைக் கரைக்கு விரட்டிவரும் நாளில் பாதி கடிபட்ட மீன்கள் மணலில் துடித்துக் கிடக்கும். முனையில் கம்பி கட்டாத நைலான் தூண்டில் நரம்பு ஒரே கடியில் அறுந்துபோகும். மறுநாள் அதே இடத்தில் வெறும் அலைதான். இதே கடற்கரையை ஒட்டிய நான்டக்கெட் தீவில் 1764இல் மறைந்த ப்ளூஃபிஷ் பல பத்தாண்டுகள் கழித்தே திரும்பியது. அன்று இழுவைப் படகு ஏது?